கல்வியியல் மேற்படிப்பு: விண்ணப்பத்தைத் திறக்கும் முன் தொடங்கி, இடம் உறுதியாகும் வரை

வகுப்பறையில் பல வருடம் நின்றவர்கள் கல்வியியல் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது பெரும்பாலும் ஒரே இடத்தில் சறுக்குகிறார்கள். எவ்வளவு காலம் பாடம் நடத்தினோம், எத்தனை பிள்ளைகள் தேறினார்கள் என்று எழுதிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். அத்தனை காலத்திலும் எது பிடிபடவே இல்லை என்பதை எழுதுவதில்லை. தேர்வுக் குழு தேடுவது அந்தப் பிடிபடாத இடத்தைத்தான். எந்தப் பட்டம், எந்தத் துறை, எந்தப் பேராசிரியர், யாரிடம் பரிந்துரை கேட்பது என்று அடுத்து வரும் ஒவ்வொரு முடிவும் அதிலிருந்துதான் கிளைக்கும். அதனால் இந்த வழிகாட்டியில் படிவம் நிரப்பும் வேலை கடைசியில்தான் வரும்.

முதலில் காலக்கணக்கு. முழுதாக ஒரு வருடம் ஒதுக்குங்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஆகஸ்ட், செப்டம்பரில் தொடங்கும் பிஎச்.டி. இடங்களுக்கு முந்தைய டிசம்பரிலேயே பெரும்பாலும் கெடு முடிந்துவிடும். முதுகலைக்கு ஜனவரி முதல் மார்ச் வரை நேரம் இருக்கும். எட்.டி. (பணியில் இருப்போருக்கான கல்வியியல் முனைவர் பட்டம்), பகுதிநேரப் படிப்புகளுக்குச் சில இடங்களில் அதற்குப் பிறகும் வாய்ப்பு உண்டு. பிரிட்டனில் பல முதுகலைப் படிப்புகள் இடம் நிரம்பும்வரை விண்ணப்பம் வாங்கும். அதை நம்பி மெத்தனமாக இருக்க முடியாது, ஏனென்றால் பணத்துக்கான கெடு வேறு. செவ்னிங், காமன்வெல்த் போன்ற உதவித்தொகைகளுக்குப் படிப்பு தொடங்குவதற்கு ஏறத்தாழ ஒரு வருடம் முன்பே விண்ணப்பித்தாக வேண்டும். இடம் கிடைத்த பிறகு பணம் தேடலாம் என்று இருந்தவர்கள் கையில் அனுமதிக் கடிதம் மட்டுமே மிஞ்சும்.

எந்தப் பட்டம்

எம்.எட்., எம்.ஏ., எம்.ஏ.டி., எட்.டி., பிஎச்.டி. என்று பட்டங்கள் குவிந்து கிடக்கின்றன. பொதுவாக எம்.எட். பணியில் இருப்பவர்களுக்கானது. எம்.ஏ. ஆய்வுப் பக்கம் கொஞ்சம் சாயும். எம்.ஏ.டி. (கற்பித்தலுக்கான முதுகலை) ஆசிரியர் உரிமத்தை நோக்கியது. ஆனால் பெயரை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். பாடப்பட்டியலைத் திறந்து, ஆய்வுமுறை, புள்ளியியல் பாடங்கள் எத்தனை, பள்ளிப் பயிற்சி எத்தனை மணி நேரம், கடைசியில் ஆய்வேடா செயல்திட்டமா என்று எண்ணிப் பாருங்கள். அமெரிக்க முதுகலை பெரும்பாலும் 30 முதல் 36 கிரெடிட் (பாடச் சுமையை அளக்கும் அலகு, நாட்டுக்கு நாடு மாறும்), ஒன்று முதல் இரண்டு வருடம். பிரிட்டனில் 180 கிரெடிட், முழுநேரமாக ஒரே வருடம். அதில் ஆய்வேடு மட்டுமே வழக்கமாக 60 கிரெடிட். பின்னால் பிஎச்.டி. போகும் எண்ணம் இருந்தால் ஆய்வேடு எழுத வைக்கும் படிப்பையே தேர்ந்தெடுங்கள். ஆய்வேடு இல்லாமல் முடித்துவிட்டு, பிஎச்.டி. படிவம் எழுத்து மாதிரி கேட்கும்போது கையில் எதுவும் இல்லாமல் நிற்பது மிகச் சாதாரணமாக நடக்கிறது.

எட்.டி.யா பிஎச்.டி.யா என்பதுதான் அதிகம் குழப்பும். பள்ளியிலோ, கல்வி அலுவலகத்திலோ, கல்லூரி நிர்வாகத்திலோ இருந்துகொண்டே அங்குள்ள சிக்கல் ஒன்றை ஆராய விரும்புபவருக்கு எட்.டி. பொருந்தும். பெரும்பாலும் பகுதிநேரம், மூன்று நான்கு வருடம், ஒரே அணியாகச் சேர்ந்து படிப்பது, செலவு பெரும்பாலும் படிப்பவருடையது. பல்கலைக்கழக ஆசிரியராகவோ முழுநேர ஆய்வாளராகவோ விரும்புபவருக்கு பிஎச்.டி. முழுநேரம், நான்கு முதல் ஆறு வருடம், உதவித்தொகை கிடைக்கும் வாய்ப்பும் இங்குதான் அதிகம். இந்தக் கோடு எல்லா இடத்திலும் இப்படியே விழுவதில்லை. ஹார்வர்டில் பல பத்தாண்டுகளாக ஆய்வுப் பட்டமாக இருந்தது எட்.டி.தான்; அதன் இடத்தில் பிஎச்.டி. மாணவர்கள் சேரத் தொடங்கியது 2014இல். எனவே நீங்கள் விண்ணப்பிக்கும் துறையில் அண்மையில் ஏற்கப்பட்ட இரண்டு மூன்று ஆய்வேடுகளைப் புரட்டிப் பாருங்கள். அங்கே அந்தப் பட்டத்துக்கு என்ன பொருள் என்பது அதில் தெரிந்துவிடும்.

இங்கே இரண்டு பொறிகள் உண்டு. ஒன்று, கல்வியியல் முதுகலை முடித்தால் பள்ளியில் கற்பிக்க உரிமம் தானாக வந்துவிடும் என்ற நம்பிக்கை. அமெரிக்காவில் உரிமம் தருவது மாநிலம். அதே பல்கலைக்கழகத்தில், அதே தலைப்பில், உரிமத்தோடு ஒரு படிப்பும் உரிமம் இல்லாமல் ஒரு படிப்பும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். பள்ளி ஆலோசகர் படிப்புக்கும் இது பொருந்தும். இரண்டாவது பொறி விசா. அமெரிக்க மாணவர் விசாவான எஃப்-1க்கு முழுநேர மாணவராக இருக்க வேண்டும். முழுநேரக் கணக்கில் ஒரு பருவத்துக்கு ஒரே ஒரு இணையவழிப் பாடத்தைத்தான் சேர்த்துக்கொள்வார்கள். மாலை நேர, வாரயிறுதி, முழு இணையவழிப் படிப்புகளுக்கு ஆசைப்பட்டு விண்ணப்பித்து, இடமும் கிடைத்து, பிறகு விசாவுக்கான ஐ-20 ஆவணம் தர முடியாது என்ற பதில் வாங்கியவர்கள் உண்டு. விண்ணப்பக் கட்டணம் கட்டும் முன்பே கேட்டுவிடுங்கள்.

அனுபவத்தைக் கேள்வியாக்குவது

முழு வேலையிலும் கடினமானது இதுதான். கையில் இருக்கும் அனுபவம் கேள்வியாக மாற மூன்று படி ஏற வேண்டும்.

பின்னம் கற்பிப்பதை எடுத்துக்கொள்வோம். "பின்னம் கற்பிப்பது கடினம்" என்பது வெறும் தலைப்பு. "1/3, 1/4 இரண்டில் எது பெரியது என்றால் பல பிள்ளைகள் 1/4 என்கிறார்கள், 3ஐ விட 4 பெரியது என்பதால்" என்பது கவனிப்பு. "வட்டத்தைத் துண்டுபோட்டுக் காட்டுவதைவிட எண்கோட்டில் வைத்துக் கற்பித்தால் இந்தத் தவறு குறைகிறதா, குறைந்தால் எவ்வளவு காலம் நிலைக்கிறது?" என்பது கேள்வி. மூன்றாவது படிக்கு வந்த பிறகுதான் யாரிடம் போய்ப் படிப்பது என்று தேடவே முடியும்.

இதில் புதியவர்கள் தவறவிடும் செய்தி ஒன்று உண்டு. ஒரே கவனிப்பு, கேட்கும் விதத்தைப் பொறுத்து வெவ்வேறு துறைக்குப் போகும். பிள்ளையின் மனத்துக்குள் பின்னம் எப்படி உருவாகிறது என்று கேட்டால் அது கல்வி உளவியல் அல்லது கற்றல் அறிவியல். ஆசிரியருக்கே பின்னத்தில் எங்கே தெளிவில்லை, பயிற்சியில் அதை எப்படிச் சரிசெய்வது என்றால் ஆசிரியர் கல்வி அல்லது பாடத்திட்டமும் கற்பித்தலும். தேர்வில் வரும் பின்னக் கணக்குகள் உண்மையில் பின்ன அறிவைத்தான் அளக்கின்றனவா, வாசிப்புத் திறனை அளக்கின்றனவா என்றால் அளவீட்டியல். நல்ல கணித ஆசிரியர்கள் ஏன் சில பள்ளிகளுக்கு மட்டும் போய்ச் சேர்கிறார்கள் என்றால் கல்விக் கொள்கை அல்லது கல்விச் சமூகவியல். வலுவான விண்ணப்பங்கள் தவறான துறைக்குப் போய் நிராகரிக்கப்படுவது இதனால்தான். அளவீட்டியல் துறைக்கு, பிள்ளைகளின் மனநிலை பற்றி உருக்கமாக எழுதி அனுப்பினால் அவர்கள் என்ன செய்வார்கள்? அங்கே கற்பிக்க ஆள் இல்லாத ஒன்றைக் கேட்கிறீர்கள்.

கேள்வி கிடைத்ததும் அதைப் பற்றி முன்பே என்ன எழுதப்பட்டிருக்கிறது என்று தேடுங்கள். எரிக் என்ற கல்வி ஆய்வுத் தரவுத்தளம் இலவசம். கூகுள் ஸ்காலரும் இலவசம். மேலே சொன்ன பின்னத் தவறுக்கு 'முழு எண் சார்பு' என்ற பொருளில் ஆய்வாளர்களிடம் ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கிறது. இப்படி உங்கள் கவனிப்புக்கும் ஆய்வுலகில் ஒரு பெயர் இருக்கும். அதைக் கண்டுபிடிக்கும்வரை தேடல் வறண்டே இருக்கும். கண்டுபிடித்த அன்று நூற்றுக்கணக்கான கட்டுரைகள் வந்து கொட்டும். "ஏற்கெனவே எல்லாம் செய்துவிட்டார்களே" என்று சோர்ந்துவிட வேண்டாம். ஐந்தாறு கட்டுரைகளை முழுதாகப் படித்து, கடைசியில் 'வரம்புகள்', 'அடுத்த ஆய்வுகள்' என்று வரும் பகுதிகளைக் குறித்துவையுங்கள். உங்கள் கேள்வி உட்கார இடம் அங்கேதான் இருக்கும்.

பல்கலைக்கழகம் தேடுவது

தரவரிசைப் பட்டியலில் தொடங்காமல், நீங்கள் படித்த கட்டுரைகளை எழுதியவர்கள் எங்கே வேலை செய்கிறார்கள் என்று பார்த்துத் தொடங்குங்கள். கடந்த மூன்று நான்கு வருடத்தில் அந்தத் தலைப்பில் அவர்கள் ஏதாவது வெளியிட்டிருக்கிறார்களா? பெயருக்கு முன்னால் 'ஓய்வுபெற்ற', 'வருகைதரு' என்று இருக்கிறதா? இருந்தால் புதிய மாணவர்களை எடுப்பது அரிது. அவர்களுடைய மாணவர்களின் ஆய்வேடுகளில் நன்றியுரையைப் படியுங்கள். யார் யார் வழிகாட்டினார்கள், பணம் எங்கிருந்து வந்தது, எத்தனை வருடம் பிடித்தது என்று துறையின் இணையதளம் சொல்லாததை எல்லாம் அந்த ஒரு பக்கம் சொல்லிவிடும்.

பிஎச்.டி.க்கு ஆறு முதல் எட்டு, முதுகலைக்கு நான்கைந்து இடங்கள் போதும். அதற்கு மேல் போனால் ஒவ்வொன்றுக்கும் தனியாக எழுத நேரம் கிடைக்காது. எல்லா அறிக்கையும் ஒரே அச்சாகிவிடும். ஒவ்வொரு இடத்திலும் உங்கள் கேள்வியோடு தொடர்புள்ளவர்கள் குறைந்தது இரண்டு பேர் இருக்கட்டும். ஒருவரை மட்டும் நம்பிப் போய், அவர் வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறிவிட்டால் நடுவழியில் நிற்க வேண்டிவரும்.

பிஎச்.டி. என்றால் செப்டம்பர், அக்டோபரில் பேராசிரியருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதலாம். அதற்கு முன் துறையின் பக்கத்தைப் படியுங்கள். சில துறைகளில் மாணவரை எடுப்பது குழு. பேராசிரியருக்கு எழுத வேண்டாம் என்று அங்கேயே சொல்லியிருப்பார்கள். எழுதுவதாக இருந்தால் 200 சொல்லுக்குள் முடியுங்கள். நீங்கள் யார் என்று ஒரு வரி, உங்கள் கேள்வி இரண்டு வரி, அவருடைய எந்தக் கட்டுரையின் எந்தக் கருத்து உங்கள் கேள்வியைத் தொடுகிறது என்று இரண்டு வரி. பிறகு நேராக, அடுத்த கல்வியாண்டில் புதிய மாணவர்களை எடுக்கிறீர்களா என்ற கேள்வி. தன்விவரக் குறிப்பை இணையுங்கள். "எனக்கு இடம் கிடைக்குமா" என்று கேட்காதீர்கள். அதற்கு அவரால் பதில் சொல்லவே முடியாது. இரண்டு வாரம் பதில் இல்லை என்றால் ஒருமுறை நினைவூட்டலாம், அதோடு விட்டுவிடுங்கள். பதில் வராததை மறுப்பாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. முதுகலைக்கு இந்தக் கடிதமே தேவைப்படாது. சந்தேகம் இருந்தால் சேர்க்கை அலுவலகத்துக்கு எழுதினால் போதும்.

நோக்க அறிக்கை

எதை, ஏன், அங்கே படிக்க விரும்புகிறீர்கள் என்று சொல்லும் தாள் இது. பொதுவாக இரண்டு பக்கம், 500 முதல் 1000 சொல். வரம்பு ஒவ்வொரு இடத்திலும் மாறும், மீறக் கூடாது. வேறு எந்தத் தாளைவிடவும் இதற்குத்தான் அதிக நாள் ஒதுக்க வேண்டும். நான்கைந்து முறை திருத்தி எழுதாமல் இது உருப்படாது.

பலவீனமான தொடக்கம் இப்படி இருக்கும்: "சிறு வயதிலிருந்தே கற்பிப்பதில் எனக்குத் தீராத ஆர்வம். கல்விதான் சமுதாயத்தை மாற்றும் என்று உறுதியாக நம்புகிறேன். அதனால் உங்கள் புகழ்பெற்ற பல்கலைக்கழகத்தில் படிக்க விரும்புகிறேன்." இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் விண்ணப்பிக்கும் எல்லோருக்கும் இது பொருந்தும் என்பதால், உங்களைப் பற்றி எதுவுமே தெரியாமல் போகிறது.

அதையே இப்படித் தொடங்கலாம்: "ஐந்தாம் வகுப்பில் 38 பிள்ளைகளிடம் 1/3, 1/4 இரண்டில் எது பெரியது என்று கேட்டேன். 23 பேர் 1/4 என்றார்கள். துண்டுபோட்ட வட்டத்தைக் காட்டியதும் பலர் விடையை மாற்றினார்கள். படத்தை மறைத்துவிட்டு அடுத்த நாள் கேட்டபோது அவர்களில் பெரும்பாலோர் பழைய விடைக்கே திரும்பியிருந்தார்கள். படம் அவர்களுக்கு விடையைக் கொடுத்ததா, கருத்தைக் கொடுத்ததா என்பதுதான் நான் ஆராய விரும்பும் கேள்வி." எண்கள் கற்பனையாக இருக்கக் கூடாது, நேர்காணலில் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

1000 சொல் கிடைத்தால் தொடக்கத்துக்கு 150; இந்தக் கேள்வியைக் கையாள இதுவரை நீங்கள் பெற்ற தயாரிப்புக்கு 300; படிக்கும்போது அதை எப்படி ஆராய்வீர்கள் என்பதற்கு 250; ஏன் இந்தத் துறை என்பதற்கு 200; முடித்த பின் என்ன வேலை என்பதற்கு 100. தயாரிப்புப் பகுதியில் தன்விவரக் குறிப்பைத் திரும்ப ஒப்பிக்காதீர்கள். ஒவ்வொரு வேலையிலும் உங்கள் கேள்வி எப்படிக் கூர்மையானது என்று மட்டும் சொல்லுங்கள். ஆராயும் முறையை எழுதும்போது, நேர்காணலா, வகுப்பறைக் கவனிப்பா, சோதனைக் குழு ஒப்பீடா என்று ஓரளவு தெரிந்திருப்பதைக் காட்டினால் போதும். முழுத் திட்டமும் முடிவாகிவிட்டது போல எழுதினால், இவருக்குக் கற்றுக்கொடுக்க எதுவுமில்லையோ என்ற எண்ணம்தான் வரும்.

கல்வித் துறைக்கே உரிய சறுக்கல் ஒன்று உண்டு. "எழுத்தறிவில்லாத பெற்றோர்", "ஆர்வமில்லாத பிள்ளைகள்", "பின்தங்கிய மாணவர்கள்" என்று எழுதுவது. நல்லெண்ணத்தோடுதான் எழுதுகிறார்கள். ஆனால் குறையைப் பிள்ளை மீதும் குடும்பத்தின் மீதும் சுமத்தும் இந்தப் பார்வையைக் கல்வி ஆய்வுலகம் பல பத்தாண்டுகளாகக் கேள்வி கேட்டுவருகிறது. விண்ணப்பத்தைப் படிப்பவர் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார். பிள்ளைக்கு என்ன இல்லை என்பதை விட்டு, பள்ளி பிள்ளைக்கு எதைக் கொடுக்கவில்லை, பிள்ளையிடம் ஏற்கெனவே இருப்பதைப் பள்ளி ஏன் பார்க்கவில்லை என்று திருப்பிக் கேட்டுப் பாருங்கள். பல நேரம் கேள்வியே அதனால் மேம்படும்.

ஒரு பருவத்தில் மதிப்பெண் குறைந்திருந்தால் காரணத்தை இரண்டு வரியில் சொல்லி, அதன் பிறகு எப்படி உயர்ந்தது என்று காட்டிவிட்டுக் கடந்துபோங்கள். அறிஞர்களின் பொன்மொழிகள் வேண்டாம். செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பற்றி ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தனித்தனியே விதி வைத்திருக்கிறது. படிவத்தில் அது பற்றி உறுதிமொழி கேட்டால் வாசித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். தனியாக 'தன்வரலாற்று அறிக்கை' கேட்கும் இடங்களில்தான் குடும்பச் சூழல், நீங்கள் கடந்துவந்த தடைகள் எல்லாம் வர வேண்டும். இரண்டிலும் ஒரே செய்தியை எழுதினால் ஒரு தாள் வீண்.

பிரிட்டனிலும் அதே முறையைப் பின்பற்றும் நாடுகளிலும் பிஎச்.டி.க்கு ஆய்வுத் திட்ட வரைவு கேட்பார்கள். பெரும்பாலும் 1000 முதல் 2000 சொல். கேள்வி, முன்னாய்வுகள், முறை, கால அட்டவணை எல்லோரும் எழுதுவார்கள். விடுபடுவது அறநெறிப் பகுதி. சிறார்களை வைத்து ஆய்வு செய்ய பள்ளியின் அனுமதி, பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல், அதற்கும் மேலாகப் பிள்ளையின் சொந்த விருப்பம் என்று மூன்றும் வேண்டும். உங்கள் வகுப்புப் பிள்ளைகளையே ஆராய்வதாக இருந்தால், மறுக்க அவர்களுக்கு உண்மையான சுதந்திரம் இருக்குமா என்பதையும் ஒரு பத்தியில் எழுதுங்கள். இதை யோசித்திருக்கிறீர்கள் என்பது திட்டத்தின் தரத்தையே உயர்த்திக் காட்டும்.

பரிந்துரைக் கடிதங்கள்

வழக்கமாக மூன்று. பிஎச்.டி. என்றால் குறைந்தது இரண்டு பேர் உங்களுக்குக் கற்பித்தவர்களாக, உங்கள் எழுத்தைத் திருத்தியவர்களாக இருக்க வேண்டும். முதுகலைக்கும் எட்.டி.க்கும் தலைமை ஆசிரியர் எழுதலாம், நல்லதும்கூட. பதவி பெரிதாக இருக்க வேண்டும் என்பதற்காக உங்களைத் தெரியாதவரிடம் வாங்காதீர்கள். "நேரம் தவறாதவர், கடின உழைப்பாளி, நற்குணமுள்ளவர்" என்ற மூன்று வரிக் கடிதம் உதவாது. உங்கள் பாடம் ஒன்றைப் பின் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தவர் எழுதும் ஒரு பத்தி அதைவிடப் பல மடங்கு பெரியது.

ஆறு முதல் எட்டு வாரம் முன்பே கேளுங்கள். சம்மதித்ததும் நான்கு பொருள்களை அனுப்புங்கள்: தன்விவரக் குறிப்பு, நோக்க அறிக்கையின் வரைவு, கெடு நாள்களின் பட்டியல், அவரோடு நீங்கள் செய்த வேலைகளில் இரண்டு மூன்றை நினைவூட்டும் ஒரு பக்கக் குறிப்பு. "நீங்களே எழுதிக் கொண்டுவாருங்கள், கையெழுத்துப் போடுகிறேன்" என்று சிலர் சொல்வார்கள். பணிவோடு மறுத்து அந்த ஒரு பக்கக் குறிப்பைக் கொடுங்கள். மூன்று கடிதமும் ஒரே நடையில் இருந்தால் படிப்பவருக்கு உடனே தெரிந்துவிடும்; அதோடு விண்ணப்பம் முடிந்தது.

அமெரிக்கப் படிவங்களில், பரிந்துரைக் கடிதத்தைப் பிற்பாடு பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா என்று ஒரு கேள்வி வரும். மாணவரின் கல்வி ஆவணங்களைப் பற்றிய 1974ஆம் ஆண்டின் ஃபெர்பா சட்டப்படி தரப்படும் உரிமை அது. விட்டுக்கொடுப்பதே வழக்கம், அப்போதுதான் கடிதத்துக்கு நம்பகத்தன்மை இருக்கும். சில தளங்களில் பரிந்துரைப்பவரின் முகவரியைப் பதிந்த உடனேயே அவருக்கு இணைப்பு போகும். சிலவற்றில் நீங்கள் விண்ணப்பத்தைச் சமர்ப்பித்த பிறகுதான் போகும். இரண்டாவது வகை என்றால் கடைசி நாள்வரை காத்திருப்பது அவருக்குச் செய்யும் அநியாயம். நிறுவன மின்னஞ்சல் முகவரியையே கொடுங்கள். இணைப்பு வந்ததா, தேவையற்ற அஞ்சல்களுக்குள் போய்விட்டதா என்று மறுநாளே கேட்டுவிடுங்கள்.

சான்றிதழ்கள், தேர்வுகள், மற்றவை

விண்ணப்பத்தோடு ஸ்கேன் செய்த மதிப்பெண் பட்டியல் போதும், அசல் சேர்க்கைக்குப் பிறகு என்பதுதான் பல இடங்களின் முறை. சில இடங்கள், வெளிநாட்டுப் பட்டங்களை மதிப்பிடும் டபிள்யூ.இ.எஸ். போன்ற நிறுவனத்தின் மதிப்பீட்டைக் கேட்கும். அதற்கு உங்கள் பழைய பல்கலைக்கழகம் நேரடியாக ஆவணம் அனுப்ப வேண்டியிருக்கும். வாரக்கணக்கில் இழுக்கும் வேலை இது, கோடையிலேயே தொடங்குங்கள். மதிப்பெண் பட்டியலின் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள், தர விளக்கம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். மதிப்பெண்ணை நீங்களாக அமெரிக்காவின் 4.0 தர அளவுக்கு மாற்றாதீர்கள். படிவம் கேட்டால் மட்டும், அது சொல்லும் வழியில் மாற்றுங்கள்.

ஜிஆர்இ என்ற மேற்படிப்பு நுழைவுத் தேர்வு பல கல்வியியல் துறைகளில் இப்போது கட்டாயமில்லை. 'விருப்பத் தேர்வு' என்று இருந்தால், மதிப்பெண் நன்றாக இருந்தால் மட்டும் அனுப்புங்கள். அளவீட்டியல், கல்விப் பொருளியல் பக்கம் போகிறவர்களுக்குக் கணிதப் பகுதி மதிப்பெண் உதவக்கூடும். 2023 செப்டம்பரிலிருந்து தேர்வு இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. மதிப்பெண் ஐந்து வருடம் செல்லும். ஆங்கிலத் திறன் தேர்வுகளான டோஃபெல், ஐஇஎல்டிஎஸ் மதிப்பெண் இரண்டு வருடம்தான். மொத்த மதிப்பெண்ணை மட்டும் பார்த்து நிம்மதியடையாதீர்கள். ஒவ்வொரு பகுதிக்கும் குறைந்தபட்சம் இருக்கும். கற்பித்தல் உதவியாளர் பணி வேண்டுமென்றால் பேச்சுப் பகுதிக்கு இன்னும் உயர்ந்த வரம்பு வைத்திருப்பார்கள்.

தன்விவரக் குறிப்பில் புகைப்படம், பிறந்த தேதி, திருமண நிலை எதுவும் வேண்டாம். "கணித ஆசிரியர், 6 வருடம்" என்பதைவிட, எந்த வகுப்புகள், வாரத்துக்கு எத்தனை பாடவேளை, நீங்களே உருவாக்கிய பாடப்பொருள் எது, சக ஆசிரியர்களுக்கு நடத்திய பயிற்சிகள் எத்தனை என்று எழுதுங்கள். எழுத்து மாதிரி கேட்டால் நீங்கள் தனியாக எழுதியதைக் கொடுங்கள். நீளமான ஆய்வேடு என்றால் ஒரு அத்தியாயத்தை எடுத்து, அது முழுமையில் எங்கே வருகிறது என்று மேலே ஐந்து வரி சேருங்கள்.

சமர்ப்பிக்கும் வாரம்

கடவுச்சீட்டில் உள்ள பெயர், மதிப்பெண் பட்டியலில் உள்ள பெயர், தேர்வுக்குப் பதிந்த பெயர் மூன்றும் ஒன்றாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தலைப்பெழுத்தை விரித்தும் சுருக்கியும் எழுதியதால் மதிப்பெண் விண்ணப்பத்தோடு சேராமல் தனியே கிடப்பது அடிக்கடி நடக்கிறது. கெடு இரவு 11.59 என்றால் எந்த ஊர் நேரம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் கிழக்குக் கரைக்கும் மேற்குக் கரைக்குமே மூன்று மணி நேர வித்தியாசம். கட்டண விலக்கு கோருவதாக இருந்தால் சமர்ப்பிக்கும் முன்பே கோர வேண்டும். கட்டிய பணம் திரும்பாது. தளம் உருவாக்கித் தரும் பிடிஎஃப்பைத் திறந்து கடைசி வரி வரை படியுங்கள். வேறு பல்கலைக்கழகத்தின் பெயர் அறிக்கைக்குள் தங்கிவிட்டதா என்று தேடுபெட்டியில் தட்டிப் பாருங்கள். சமர்ப்பித்த பிறகும் வாரம் ஒருமுறை தளத்துக்குள் போய், எது வந்தது, எது வரவில்லை என்று சரிபாருங்கள். குறையுள்ள கோப்பைப் பல இடங்களில் குழுவின் முன் வைக்கவே மாட்டார்கள்.

நேர்காணலும் அதன் பிறகும்

பிஎச்.டி.க்கு ஜனவரி, பிப்ரவரியில் 20 முதல் 30 நிமிடம் காணொளியில் பேசக் கூப்பிடலாம். உங்கள் கேள்வியை இரண்டு நிமிடத்தில் சொல்லப் பழகுங்கள். "உங்கள் எதிர்பார்ப்புக்கு மாறான முடிவு வந்தால் என்ன செய்வீர்கள்?" என்ற கேள்விக்குத் தயாராக இருங்கள், கல்வி ஆய்வில் அது அடிக்கடி நடப்பதுதான். நீங்களும் கேளுங்கள். மாணவர்கள் சராசரியாக எத்தனை வருடத்தில் முடிக்கிறார்கள், முடித்தவர்கள் எங்கே வேலையில் இருக்கிறார்கள் என்பவை தயங்காமல் கேட்க வேண்டியவை. இப்போது படிக்கும் மாணவர் ஒருவரோடு தனியாகப் பேச முடியுமா என்றும் கேளுங்கள்.

இடம் கிடைத்தால் கடிதத்தில் பணம் பற்றிய பகுதியைப் பேனாவோடு படியுங்கள். கல்விக் கட்டணம் முழுதும் தள்ளுபடியா, பகுதியா? மாத உதவித்தொகை ஒன்பது மாதத்துக்கா, பன்னிரண்டு மாதத்துக்கா? மருத்துவக் காப்பீடும் இதர கட்டணங்களும் யார் பொறுப்பு? எத்தனை வருடத்துக்கு உறுதி, அதற்கு என்ன நிபந்தனை? உதவியாளர் பணி வாரத்துக்கு 20 மணி நேரம் என்றால், எஃப்-1 மாணவர் பருவ நாள்களில் வளாகத்தில் வேலை செய்யக்கூடிய உச்ச வரம்பும் அதுவேதான். செலவுக்குப் போதாவிட்டால் கூடுதல் வேலைக்கு வழியில்லை. கோடைக்குப் பணம் தராத உதவித்தொகையை ஒன்பது மாத வருமானமாகவே கணக்கிடுங்கள்.

அமெரிக்கப் பட்ட மேற்படிப்புப் பள்ளிகளின் கூட்டமைப்பில் ஏப்ரல் 15 தீர்மானம் என்று ஒன்று இருக்கிறது. அதில் கையெழுத்திட்ட பல்கலைக்கழகங்கள் நிதியுதவியோடு இடம் தந்தால், அந்த நாளுக்கு முன் பதில் சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது. நிதியுதவி இல்லாத இடத்துக்கு இது பொருந்தாது. முதுகலைக்குப் பெரும்பாலும் தனிக் கெடுவும் முன்பணமும் இருக்கும். வேறு இடத்தின் பதிலுக்குக் காத்திருந்தால் அதை நேர்மையாகச் சொல்லி அவகாசம் கேட்கலாம், கேட்பதால் இடம் பறிபோகாது.

ஒன்றை ஏற்றுக்கொண்ட அன்றே மற்ற இடங்களுக்கு வேண்டாம் என்று எழுதிவிடுங்கள். காத்திருப்போர் பட்டியலில் யாரோ ஒருவர் அந்த இடத்துக்காகத் தளத்தைத் தினமும் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். பரிந்துரைத்த மூவருக்கும் முடிவைத் தெரிவியுங்கள். பிறகு பழைய பல்கலைக்கழகத்திலிருந்து அசல் மதிப்பெண் பட்டியலும் பட்டச் சான்றும் உறையிட்டுப் போக ஏற்பாடு செய்யுங்கள். அவை போய்ச் சேராவிட்டால் முதல் பருவத்தின் நடுவில் அடுத்த பருவப் பதிவு முடக்கப்படக்கூடும்.